ஓடை கடந்த மனு

கோமுகி அணைக்குக் கீழே இருக்கிற மீன் பண்ணையில் ஆவணி, புரட்டாசி வந்துவிட்டால் யாருக்கும் நேரத்துக்குச் சோறு இறங்காது. கல்வராயன் மலையில் மழை விழுந்து தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறினதும் கட்லாவும் ரோகுவும் சினை பிடித்து வயிறு புடைத்து நிற்கும். அவற்றைப் பிடித்து ஊசி போட்டு, துணித்தொட்டியில் விட்டு, முட்டை இடுகிறதா என்று பிரசவ வார்டு ஆயம்மா மாதிரி காத்துக் கிடக்க வேண்டும். எண்பத்தேழாம் வருஷம் அந்த வேலை உச்சத்தில் இருக்கும்போதுதான், இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று ஊரெங்கும் சுவரில் எழுதிப் போட்டார்கள்.

பண்ணையில் மீனியல் படித்த அதிகாரிகள் இரண்டே பேர். மூத்தவர் ஜுல்பிகர். திருக்கோவிலூர் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கிற சாதுல்லாவின் மகன். நாற்பத்திரண்டு வயசு, மனைவி ஷாஜியாவோடு பண்ணைக் குவார்ட்டர்சிலேயே குடியிருந்தார். இளையவள் இசைவாணி. ரிஷிவந்தியத்துக்கு அந்தாண்டை ஒரு காலனியில் பிறந்தவள். அப்பா இல்லை. அம்மா கொளஞ்சியம்மாள் களையெடுத்து, நாற்று நட்டு அவளைப் படிக்க வைத்தாள். மகள் ஆபீசரான பிறகும் அவள் கூலிக்குப் போவதை நிறுத்தவில்லை. கேட்டால், "கை சொம்மா இருந்தா எனக்குக் கஞ்சி செரிக்காது" என்பாள்.

இசைவாணி வேலைக்கு வந்த ஆறு வருஷத்தில் மலையில் ஏறாத ஓடை இல்லை. மலைக்காரர்களோடு நடந்து, பாறை இடுக்கில் கைவிட்டு, பெயர் தெரியாத மீனையெல்லாம் பாட்டிலில் அடைத்துக் கொண்டுவந்து எழுதி வைத்தாள். அவள் எழுதின கட்டுரைகளை மேட்டூர், பவானிசாகர் மீன் பண்ணைக்காரர்கள் படித்துவிட்டுக் கடிதம் போட்டார்கள். ஜுல்பிகருக்கு அப்படிக் கடிதம் வந்ததில்லை.

மெட்ராசில் மீனியல் அறிஞர் கழகம் என்று ஒன்று இருந்தது. அதில் கடல் மீன் படித்தவர்கள்தான் காலங்காலமாகத் தலைவர், செயலாளர் எல்லாம். குளத்து மீன் படித்தவன் மாநாட்டுக்கு நாற்காலி போடுவான். சாப்பாட்டுப் பந்தியில் சாம்பார் வாளி தூக்குவான். செயலாளர் பதவிக்கு ஜுல்பிகர் இரண்டு தடவை நின்று தோற்றிருந்தார். இது மூன்றாவது. இந்தத் தடவை இசைவாணியும் நின்றாள்.

"ரெண்டு பேரும் நின்னா நம்ம ஓட்டு பிரியும் இசைவாணி. கடல்காரங்க மறுபடி தூக்கிக்கினு போயிடுவாங்க."

"அப்ப நீங்க விலகிக்குங்களேன் சார்" என்றாள் அவள். திமிராகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்தச் சிரிப்பு ஜுல்பிகருக்கு இரண்டு நாள் உறுத்தியது.

வேட்புமனு சனிக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்குள் மெட்ராசில் இருக்க வேண்டும். மறியலில் தபால் போகாது. நேரில் கொண்டுபோனால்தான் உண்டு. வியாழக்கிழமை விடியலில் ஜுல்பிகர் சைக்கிளை எடுத்தபோது, இசைவாணி முழங்கால் தண்ணீரில் ஒரு சினைக் கட்லாவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். காவலாளி தங்கதுரையிடம் மீனைக் கொடுத்துவிட்டு, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு பழுப்பு உறையை நீட்டினாள்.

"நீங்களும் நிக்கிறீங்க, நானும் நிக்கிறேன். இருந்தாலும் உங்க கையிலதான் குடுக்கணும்னு வந்துடுச்சு சார். நானும் வந்துட்டா இதுங்களைப் பாக்க ஆள் இல்ல."

"குடும்மா. இதுல இன்னா இருக்குது."

"ரிஷிவந்தியம் தாண்டி ரோட்டுல போவாதீங்க. எங்கூட்டுக்குப் போங்க. எங்கம்மா ஏரிக்கரை வழியா கூட்டிக்கினு போய் வுடும்."

அவள் திரும்பிப் போனதும் இரண்டு உறைகளையும் ஒரே பிளாஸ்டிக் பையில் சுற்றி, தோள்பையின் உள்ளறையில் வைத்தார். அப்போது அவர் மனசில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. பின்னாளில் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தும் அது மட்டும் உறுதியாகத் தெரிந்தது.

கள்ளக்குறிச்சி தாண்டினதுமே சாலையில் புளியமரங்கள் படுத்துக் கிடந்தன. பச்சை மரத்தின் வெட்டுவாய் வாசனை மூக்கில் ஏறியது. தியாகதுருகத்தில் கண்ணாடிச் சில்லு குத்தி டயர் போனதால், சைக்கிளைத் தெரிந்த கடையில் போட்டுவிட்டு நடந்தார். ஒரு மரத்தடியில் பத்திருபது பேர் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் மாயவன் என்று மற்றவர்கள் கூப்பிட்ட ஒருத்தன் எழுந்து வந்தான்.

"இன்னா பாய், எங்க கிளம்பிட்டீங்க? ஒருத்தரும் போவக்கூடாதுன்னு தெரியாது?"

"நடந்துதாங்க போறேன். மெட்ராசுல ஒரு சங்கம். மீன் படிப்பு படிச்சவங்க சங்கம். அதுல செயலாளருக்கு நிக்கிறேன். இதுவரைக்கும் நம்ம பக்கத்து ஆளை ஒருத்தரையும் வுட்டதில்ல அதுல."

கூட்டம் சிரித்தது. "மீனுக்கு சங்கமா!" மாயவன் மட்டும் சிரிக்கவில்லை.

"வுட்டதில்லையா? அதாங்க எங்களுக்கும். படிப்புல, வேலையில எங்களுக்கு உண்டான பங்கைக் குடுன்னுதான் மரத்த வெட்டிப் போட்டுகினு குந்தியிருக்கோம். போங்க பாய். போய் வாங்கிக்கினு வாங்க."

மரத்தைத் தாண்ட அவனே கை கொடுத்தான். ஜுல்பிகருக்கு நெஞ்சு விம்மியது. ஏதோ ஊருக்கே பங்கு கேட்கப் போகிற மாதிரி நடந்தார்.

கொளஞ்சியம்மாள் வீட்டை அடைந்தபோது உச்சி சாய்ந்திருந்தது. மகளுடைய ஆபீசர் என்றதும் அவளுக்குக் கை கால் ஓடவில்லை. கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் கிண்ணத்தில் வைத்து, "எங்கூட்ல சாப்பிடுவீங்களா பாய்?" என்று தயங்கி நின்றாள்.

"ஏம்மா, காலையிலேர்ந்து வயித்துல ஒண்ணும் இல்ல. போடுங்க."

அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள். "அந்தக் காயிதம் கொண்டாந்திருக்கீங்களா? எம் பொண்ணுது?"

"ஆமாம்மா. பையில இருக்குது."

"இன்னாத்துக்கு அது?"

"பெரிய பெரிய படிப்பு படிச்சவங்களுக்கெல்லாம் தலைமையா நிக்கறதுக்கு மனு."

அவள் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு விரலை எடுத்துக்கொண்டாள்.

ஏரிக்கரை வழியாகக் கூட்டிப் போனாள். முந்தின நாள் மழையில் ஓடை நிரம்பி இடுப்பளவு ஓடியது. ஜுல்பிகர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கப் போனார். அவள் விடவில்லை.

"குடுங்க இப்பிடி. உங்களுக்கு ஓடையில காலு நிக்காது. நான் நெல்லு மூட்டையே தூக்கிக்கினு தாண்டியிருக்கேன்."

பையைத் தலையில் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அவருக்கு நீட்டினாள். நடு ஓடையில் ஒரு தடவை அவளுக்குக் கால் வழுக்கியது. பை சாய்ந்தது, விழவில்லை. அக்கரை ஏறினதும் ஜுல்பிகர் திறந்து பார்த்தார். ஒரு சொட்டு ஈரமில்லை.

"நனஞ்சிடுச்சா பாய்?"

"இல்லம்மா."

"அப்ப சரி. பத்திரமா கொண்டுபோய்ச் சேத்துடுங்க" என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பித் தண்ணீரில் இறங்கினாள்.

திருக்கோவிலூரில் வண்டி எதுவும் கிடைக்காமல் இரண்டு ராத்திரி அத்தா வீட்டில் கிடந்தார். கடைத்தெரு மூடிக் கிடந்தது. சும்மா உட்கார்ந்திருந்ததுதான் கெடுத்தது. மேட்டூரில் யார் ஓட்டு, பவானிசாகரில் யார் ஓட்டு என்று விரல் விட்டுப் பார்த்தார். எந்தப் பக்கம் பார்த்தாலும் இசைவாணிதான் முன்னால் நின்றாள். தனக்கு இன்னும் பதினாறு வருஷ சர்வீஸ். அவளுக்கோ இன்னும் எவ்வளவோ காலம் கிடக்கிறது, அடுத்த தடவை நிற்கட்டுமே என்று தோன்றியது. தோன்றினதை உடனே தள்ளினார். தள்ளினது திரும்ப வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

சனிக்கிழமை காலையில் போலீஸ் காவலோடு கிளம்பின லாரியில் தொற்றிக்கொண்டு விழுப்புரம் போய், ரயில் பிடித்து, எழும்பூரில் கழகத்தின் மாடி ஏறும்போது மூன்றரை மணி. தேர்தலை நடத்த நியமித்திருந்தவர் அரங்கநாதன் என்கிற ஓய்வுபெற்ற பேராசிரியர். ஜுல்பிகரின் கோலத்தைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"அந்தக் கலவரத்துல எப்படிய்யா வந்தீர்! உட்காரும், தண்ணி குடியும்."

பிளாஸ்டிக் பைக்குள் இரண்டு உறையும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஜுல்பிகர் ஒன்றை உருவினார். மேலே வந்தது அவருடையதுதான். அதை மேசைமேல் வைத்தார்.

"உங்க பண்ணையிலேர்ந்து அந்தப் பொண்ணும் நிக்கப் போறதாச் சொன்னாங்களே? கல்வராயன் மலைக் கட்டுரை எழுதினவங்க?"

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கை பைக்குள்ளேயே இருந்தது. இன்னொரு உறையின் முனை விரலில் பட்டது.

"ரோடு இல்லைங்க சார்" என்றார் ஜுல்பிகர்.

"அடடா" என்றார் அரங்கநாதன். நாலு மணி அடித்தது.

மறியல் முடிந்து அவர் பண்ணைக்குத் திரும்பினபோது இசைவாணி ஆளே பாதியாயிருந்தாள். மறியல் நாட்களில் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. தொட்டியில் தண்ணீர் அசையாவிட்டால் குஞ்சுகள் மூச்சு முட்டிச் செத்துப்போகும். அவளும் தங்கதுரையும், கூலிக்கு வந்த தைலம்மாளும் மாற்றி மாற்றிக் குடத்தில் மொண்டு ஊற்றி அசைத்திருக்கிறார்கள். மூன்று நாள். உள்ளங்கை கொப்பளித்திருந்தது.

"முக்காவாசி பொழச்சிடுச்சு சார்" என்றாள் முதலில். அப்புறம்தான், "குடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

மூன்று நாளாக ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தார். மெட்ராஸ்காரர்கள் நேரமாகிவிட்டது என்றார்கள் என்று சொல்வதாகத்தான் இருந்தது. ஆனால் அரங்கநாதனுக்கு அவள் ஒரு கடிதம் போட்டால் அது வெளுத்துவிடும் என்று அந்த நொடியில் உறைத்தது. வாய் தானாக வேறொன்றைச் சொல்லிவிட்டது.

"ஓடையில நனைஞ்சிடுச்சும்மா. உங்கம்மா பையைத் தலையில வச்சிக்கினு வந்தாங்க, நடுவுல கால் வழுக்கிடுச்சு. என்னுது பிளாஸ்டிக்ல இருந்துச்சு. உன்னுது மை கலைஞ்சு கையெழுத்தே தெரியல. அதை எப்படி நீட்டறது?"

இசைவாணி கொப்பளித்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு, "அது கிட்ட போய்க் குடுத்தீங்களா பையை" என்றாள் மெதுவாக. யாரைக் குறை சொன்னாள் என்று தெரியவில்லை. வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஐப்பசி முதல் வாரம் கொளஞ்சியம்மாள் ஒரு துணியில் வேர்க்கடலை கட்டிக்கொண்டு குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றாள். ஜுல்பிகர் ஆபீசில் இருந்தார். ஷாஜியாதான் உள்ளே கூப்பிட்டாள். வந்தவள் உள்ளே வரவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"அம்மாடி, நான் பாழாப்போனவ. அவர் தோள்ல மாட்டிக்கினு இறங்கறேன்னாரு. நான்தான் புடுங்கி தலையில வச்சேன். எம் பொண்ணு காயிதத்தை நானே தண்ணியில நனைச்சேன். நனையலன்னு என் மூஞ்சிக்காவ சொல்லிக்கினு போயிட்டாரு அந்த நல்ல மனுசன்."

"வுடுங்கம்மா. வேணும்னா செஞ்சீங்க?"

"படிக்காதவ கையில பட்டதால கெட்டுதுன்னு எம் பொண்ணு சொல்லல. ஆனா எனக்குத் தெரியாதா."

அன்று சாயந்திரம் ஷாஜியா இதைச் சொன்னபோது ஜுல்பிகர் தட்டில் இருந்த கடலையைத் தொடவில்லை. "சீக்கு வந்த மாதிரி இருக்குது" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

தபால் ஓட்டு நடந்து ஐப்பசி கடைசியில் முடிவு வந்தது. ஜெயித்துவிட்டார். திருக்கோவிலூரில் அத்தா கடைத்தெரு முழுக்க அல்வா கொடுத்தார். பண்ணையில் இசைவாணி வாழ்த்துச் சொல்லி, ஆட்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். பதவி ஏற்கப் போவதற்காக ஷாஜியா பெட்டி அடுக்கினாள். தோள்பையை உதறி வெயிலில் போடலாம் என்று உள்ளறையைத் திறந்தவள், பழுப்பு உறையோடு வந்து அவர் முன்னால் நின்றாள்.

"இன்னாங்க இது?"

ஜுல்பிகர் பார்த்தார். கிழித்துப் போடத் தைரியமில்லாமல், வைத்திருக்கவும் மனசில்லாமல், தொடக்கூடப் பிடிக்காமல் அவர் அங்கேயே விட்டிருந்தது.

"இதுல ஈரமே படலியே. எழுத்து அச்சு மாதிரி இருக்குது."

"ஷாஜியா..."

"அந்தம்மா நம்ம வாசல்ல குந்திக்கினு அழுதுச்சுங்க. நான் தண்ணி குடுத்துத் தேத்தி அனுப்பினேன். செய்யாத தப்புக்கா நான் தேத்தினேன் அப்ப?"

"ரெண்டு பேரும் நின்னா ஓட்டு பிரிஞ்சிருக்கும். கடல்காரங்க..."

"அடுத்தவங்க நம்பிக் குடுத்தது அமானிதம். உங்க அத்தா உங்களுக்குச் சொல்லித் தரலியா? அமானிதத்தைத் தின்னதும் இல்லாம பழியைப் பெத்தவ தலையில வச்சீங்க." அவள் குரல் உயரவில்லை. "நீங்க பதவி ஏத்துக்குங்க, ஏத்துக்காம போங்க. அந்தப் பொம்பள கிட்ட சொல்ற வரைக்கும் எங்கிட்ட எதுவும் பேசாதீங்க."

மறுநாள் அவர் மெட்ராஸ் போகவில்லை. ரிஷிவந்தியம் பஸ் ஏறினார்.

கொளஞ்சியம்மாள் களத்தில் எள் உதறிக்கொண்டிருந்தாள். அவளைத் தனியே கூப்பிட்டு உறையைக் காட்டினார். "அம்மா, இது நனையவே இல்ல. நான்தான் குடுக்காம வச்சிக்கினேன். உங்க மேல பொய் சொல்லிட்டேன்."

அவள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது. அப்புறம் அவர் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"வேற காயிதம் வாங்கி எழுதியாந்தீங்களா பாய்? என் மனசு ஆறட்டும்னு இம்மாந்தூரம் வந்தீங்களே. உங்கூட்டு அம்மா சொல்லியிருப்பாங்க. எனக்குத் தெரியும், காலு வழுக்குனது எனக்குத்தான் தெரியும்."

"இல்லம்மா, சத்தியமா..."

"சத்தியம்லாம் பண்ணாதீங்க. நல்ல மனுசன் நீங்க."

நல்ல மனுசன் என்ற அந்த வார்த்தையைத் தாங்கிக்கொண்டு அவரால் அங்கே நிற்க முடியவில்லை. திரும்பி வந்து நேராக நாற்றங்கால் குளத்துக்குப் போனார். இசைவாணி குஞ்சுகளை வலையில் அரித்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். உறையை நீட்டி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் வலையைக் கீழே விடவில்லை. குஞ்சுகளைத் தண்ணீரில் இறக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"அரங்கநாதன் சார் என்னப் பத்திக் கேட்டாரா?"

"கேட்டாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"ரோடு இல்லன்னேன்."

"அது பொய்கூட இல்ல" என்றாள். முகம் வெளுத்திருந்தது. "பதவி போனது கெடக்கட்டும் சார். அதுக்கு நான் மெட்ராசுக்கு எழுதிக்குவேன், நீங்களும் எழுதணும். எங்கம்மா மேல போட்டீங்களே, அதான். அன்னைலேர்ந்து அது என் சட்டிப் பானையைக்கூடத் தொட பயப்படுது. நான் போனா 'நீயே எடுத்துக்க கண்ணு, நான் எடுத்தா உடைச்சிடுவேன்'னுது."

"சொல்லிட்டுத்தாம்மா வரேன். நம்பல."

"நம்பாது. நீங்க சாப்பிட்ட கிண்ணத்தைக் கழுவித் தனியா வச்சிருக்குது, ஆபீசர் சாப்பிட்டதுன்னு." அவள் கண் நிறைந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "நம்பற வரைக்கும் போய்ச் சொல்லுங்க. நான் சொல்லமாட்டேன். அது உங்க வேலை."

அன்றே கழகத்துக்கு எழுத உட்கார்ந்தார். செய்ததை எழுதி, பதவி வேண்டாம் என்றும் எழுதினார். இரண்டே பக்கம். எழுதி முடிக்க நாலு நாள் ஆனது. மெட்ராசில் ஒரே களேபரம். குளத்து மீன்காரன் புத்தி இதுதான் என்று பேசினார்கள். அத்தா அவரை வீட்டுக்கு வராதே என்று சொல்லியனுப்பினார். தைமாசம் மறுதேர்தல் வைத்தார்கள். இசைவாணி நின்று பதினோரு ஓட்டில் தோற்றாள். ஜுல்பிகரை நம்பிப் போட்ட ஓட்டெல்லாம் வெறுத்துப்போய்க் கடல் பக்கம் விழுந்துவிட்டது என்று மேட்டூரிலிருந்து எழுதியிருந்தார்கள். அதையும் அவர் படித்தார். அடுத்த தேர்தலில்தான் அவள் ஜெயித்தாள். பண்ணையில் அவள் அவரோடு வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.

கொளஞ்சியம்மாளிடம் இரண்டாம் தடவை கார்த்திகையில் போனார். அவள் சிரித்துக்கொண்டே வேர்க்கடலை கொடுத்து அனுப்பினாள். ஷாஜியா அந்தக் கடலையைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

மூன்றாம் தடவை போனது மறுதேர்தல் முடிவு வந்த வாரம். கொளஞ்சியம்மாளும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் வரிசையாகக் குனிந்து நெல்லில் களையெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் அவள் கரையேறி வரப் பார்த்தாள். முதல் இரண்டு தடவையும் அப்படித்தான் தனியே கூப்பிட்டுப் பேசியிருந்தார்.

"வராதீங்கம்மா. அங்கேயே நில்லுங்க" என்றார்.

வரப்பில் நின்றுகொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

"இந்தம்மா பொண்ணு என்னை நம்பி ஒரு மனு குடுத்துச்சு. இந்தம்மா எனக்குச் சோறு போட்டு, பையைத் தலையில தூக்கி ஓடையைத் தாண்டி வுட்டாங்க. அக்கரையில நான் பையைத் தொறந்து பாத்தேன். சொட்டு ஈரம் இல்ல. மெட்ராசுல என்னுதை எடுத்து வச்சேன், அந்தப் பொண்ணுதை எடுக்கல. பொறாமை. அது என்னைவிடக் கெட்டிக்காரப் பொண்ணு, அது ஜெயிச்சிடும்னு தெரியும். திரும்பி வந்து, அம்மாதான் நனைச்சிட்டாங்கன்னு சொன்னேன். நான் திருடன். இவங்க ஒண்ணும் பண்ணல."

வயலில் குனிந்திருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கொளஞ்சியம்மாள் களைக்கட்டைக் கையில் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த மரியாதை கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. ஜுல்பிகர் அதைக் கண்ணெதிரே பார்த்தார்.

"மெய்யாவா?" என்றாள். பாய் என்று சேர்க்கவில்லை.

"மெய்யாத்தாம்மா."

"அப்ப நான் நனைக்கல?"

"நனைக்கல."

அவள் கையிலிருந்த களைக்கட்டு தண்ணீரில் விழுந்தது. அவரைத் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று ஜுல்பிகர் காத்து நின்றார். அதற்காகத்தான் வந்திருந்தார். அவளோ அவரை மறந்தே போய்விட்டாள். வரிசைப் பக்கம் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஏ செவ்வந்தி! ஜெயம்மா! கேட்டீங்களாடி? நான் நனைக்கலடி! எம் பொண்ணு காயிதத்த நான் நனைக்கல!"

பெண்கள் சேற்றில் கால் புதையப் புதைய அவளைச் சுற்றி ஓடி வந்தார்கள்.